டேக்கா, பூட்டா? மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி எத நம்பலாம்

ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி கரண்ட்ட எப்படி கட் பண்ணுவீங்கன்னு எலக்ட்ரீஷியன்ங்க கிட்ட கேட்டா நாலு விதமா பதில் வரும். எமர்ஜென்சி ஸ்டாப்ப அமுக்கிடுவேன், ஃபியூஸ் கேரியர (ஃபியூஸ தாங்குற பீங்கான் பிடி) உருவி பாக்கெட்ல போட்டுக்குவேன், பிரேக்கர ஆஃப் பண்ணி டேக் (ஆன் பண்ணாதீங்கன்னு எழுதின அட்டை) மாட்டுவேன், இல்லன்னா என் பூட்ட போட்டு சாவிய நானே வச்சுக்குவேன்.

எமர்ஜென்சி ஸ்டாப்ப இந்த வரிசையிலயே சேர்க்கக்கூடாது. பெரும்பாலும் அது கன்ட்ரோல் சர்க்யூட்ட தான் கட் பண்ணும், கான்டாக்டருக்கு (மோட்டாருக்கு போற கரண்ட்ட சேர்த்து பிரிக்கிற ஸ்விட்ச்) மேல் பக்கம் மூணு ஃபேஸும் அப்படியே நிக்கும், கான்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கிட்டிருந்தா மோட்டார் டெர்மினல் வரைக்கும் லைவ். உடம்பு வழியா 10 மில்லியாம்பியர் போனாலே பிடிச்ச கைய விட முடியாம போயிடலாம், அதனால இதுல சமாதானமே கிடையாது.

ஃபியூஸ் உருவுறது அத விட எவ்வளவோ மேல், கேப் கண்ணுக்கே தெரியும். ஆனா யாராவது ஸ்பேர் கேரியர எடுத்து சொருகிட்டா உங்க பாக்கெட்ல இருக்குறது வெறும் பீங்கான் தான்.

இப்ப டேக்கும் பூட்டும். டேக் சொல்லும், தடுக்காது. நான் ஒரு பம்ப் மோட்டாருக்கு கேபிள் மாத்திட்டிருந்தப்ப பிரேக்கர்ல டேக் மட்டும் கட்டியிருந்தேன், லக் (கேபிள் முனையில மாட்டுற உலோகத் துண்டு) எடுக்க ஸ்டோருக்கு போன நேரத்துல ஷிஃப்ட் மாறிடுச்சு, டேக் நூல் அறுந்து பேனல் அடியில கெடந்திருக்கு, புதுசா வந்தவரு பிரேக்கர் ஆஃப்ல இருக்கேன்னு ஆன் பண்ணிட்டாரு. திரும்பி வந்து பழக்கத்துல டெஸ்டர் வச்சு பாத்தேன், மூணு முனையும் லைவ். அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், அங்க ஒரு பூட்டு தொங்கியிருந்தா அவரால கைப்பிடிய அசைச்சிருக்கவே முடியாது.

அமெரிக்காவுல ஓஷாங்கற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1989ல கொண்டு வந்த ரூலும் இதத்தான் சொல்லுது, பூட்டு போட வசதி இருக்குற இடத்துல டேக் மட்டும் போதும்னா அது பூட்டுக்கு சமமா பாதுகாக்கும்னு கம்பெனி காட்டணும், டேக் கட்டுற டை கூட 50 பவுண்ட் இழுவைய தாங்கணும்.

பூட்டுலயும் வித்தியாசம் இருக்கு. சூப்பர்வைசர் டேபிள்ல டூப்ளிகேட் சாவி தொங்குற டிபார்ட்மென்ட் பூட்டு டேக்க விட கொஞ்சம் கெட்டி, அவ்ளோதான். ஆளுக்கு ஒரு பூட்டு, அதோட சாவி அவர் கிட்ட மட்டும்ங்கறது தான் சரி. ரெண்டு மூணு பேர்னா ஒரே ஐசோலேட்டர்ல (சப்ளைய பிரிக்கிற ஸ்விட்ச்) ஹாஸ்ப், அதாவது பல பூட்டு மாட்டக்கூடிய கொக்கி, போட்டு எல்லாரும் அவங்கவங்க பூட்ட மாட்டிக்கலாம். ஷட்டவுன்ல 12 இடத்துல கட் பண்ணி 20 பேர் வேலை செஞ்சா ஹாஸ்ப் முறையில 240 பூட்டு வேணும், லாக் பாக்ஸ்னா 12 இடத்துக்கு 12 பூட்டு, அந்த சாவிங்கள பாக்ஸ்ல போட்டு மூடி 20 பேரும் பாக்ஸ் மேல அவங்கவங்க பூட்ட போடணும், 32ல முடிஞ்சிடும். கடைசி ஆள் கழட்டுற வரைக்கும் எந்த சாவியும் வெளிய வராது.

ஆனா தப்பா பக்கத்து ஃபீடர (வேற மெஷினுக்கு போற லைன) பூட்டிட்டா எவ்வளவு நல்ல பூட்டும் வீண். அதனால டெஸ்டர முதல்ல லைவ்னு தெரிஞ்ச இடத்துல வச்சு பாருங்க, அப்புறம் வேலை செய்யற இடத்துல ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த், மறுபடியும் அந்த லைவ் இடத்துல. வேற பேனல்ல இருந்து கரண்ட்டோட வர்ற இன்டர்லாக் வயர் (ரெண்டு மெஷின் கன்ட்ரோல இணைக்கிற வயர்) இருந்தா இந்த டெஸ்ட்ல தான் தெரிய வரும். டிரைவ் (மோட்டார் வேகத்த கூட்டி குறைக்கிற கருவி) இருந்தா இன்னும் கவனம், 400 வோல்ட் சப்ளைல அதுக்குள்ள இருக்குற டிசி பஸ், அதாவது டிசி லைன், 560 வோல்ட்டுக்கு மேல இருக்கும், சப்ளைய கட் பண்ணினாலும் கெப்பாசிட்டர் உடனே இறங்காது, மேல எத்தனை நிமிஷம்னு போட்டிருக்கோ அவ்ளோ நேரம் காத்திருந்து அளந்துட்டு தான் கவர கழட்டணும்.

பூட்டு வேணாம்னு சொல்றவங்க ஒரு கேள்வி கேப்பாங்க, பூட்டினவரு வீட்டுக்கு போயிட்டா? நியாயமான கேள்வி. அவர் உள்ள இல்லன்னு உறுதி பண்ணி, அவரத் தொடர்பு கொள்ள முடிஞ்ச வரைக்கும் பாத்து, அதுக்குன்னு பொறுப்பு குடுத்த ஆள் மட்டும் எழுதி வச்சுட்டு பூட்ட வெட்டணும், அவர் மறுபடி வேலைய தொடுறதுக்கு முன்னாடியே பூட்டு எடுத்தாச்சுன்னு அவர் கிட்ட சொல்லியாகணும்.