ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பழகுகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பழக அனுப்பியிருக்கும் பெற்றோர்களுக்கும் இந்தப் பதிவு. செகண்ட் ஹேண்டில் மேட்ச் ரைபிள், அதாவது போட்டிக்கான துப்பாக்கி, வாங்கும் எண்ணம் இருந்தால் முழுக்கப் படித்துவிடுங்கள். என் முதல் துப்பாக்கியை என் தலையில் எப்படிக் கட்டினார்கள் என்று எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடை, கிளப், ஆள் எதன் பெயரும் போடவில்லை. கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு. ஸ்கோரைத் தசமத்தில் கணக்கிடுவதால் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. இவ்வளவு நுணுக்கமாகச் சுட வேண்டுமென்றால் துப்பாக்கி நம் தோளுக்கும் கன்னத்துக்கும் கைநீளத்துக்கும் பொருந்தி இருக்க வேண்டும். கிளப் துப்பாக்கியை எட்டுப் பேர் மாறி மாறி எடுத்தால் அது நடக்காது. நேற்று நாம் சரிசெய்து வைத்த கன்னக்கட்டையை இன்று காலை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தன் உயரத்துக்கு இறக்கி வைத்திருப்பான். அவன் மேலும் தப்பில்லை. அதனால் கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றிவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வந்த ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் பெயர் இப்போது எங்கள் ரேஞ்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மன் துப்பாக்கிகளைப் புதிதாக இறக்குமதி செய்தால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்காது. காத்திருப்பும் அதிகம். இந்த இடைவெளியில்தான் பழைய துப்பாக்கி வியாபாரம் நடக்கிறது.

என்னிடம் பேச்சை ஆரம்பித்தது கோச்.

"தம்பி, புதுசுக்கு எதுக்குக் காசைக் கொட்டுறீங்க? நமக்குத் தெரிஞ்ச டீலர் ஒருத்தர் இருக்கார். நேஷனல் லெவல் பிளேயர் வச்சிருந்த பீஸ். நான் சொன்னா விலையும் குறைப்பார்."

கோச் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்? மூச்சை எப்போது நிறுத்துவது, விரலை எப்படி வைப்பது என்று நமக்குச் சொல்லித் தருகிறவர் அவர்தான். அந்த மரியாதையை வைத்துத்தான் மொத்தக் காரியமும் நடக்கிறது. அந்த டீலரிடமிருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் அவருக்கு ஒரு பங்கு போகிறது என்பது எனக்குப் பின்னால் தெரிய வந்தது. எங்கள் ரேஞ்சில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அதே வழியாக வாங்கியிருந்தன. அவர்களும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை இன்னும் அவரிடம்தான் பழகுகிறது, என்ன செய்வார்கள்?

விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று முடிந்தது. கடை வேறு மாநிலத்தில். பணத்தைக் கடைக் கணக்கில் போட வேண்டாம், இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்கள் என்று ஒரு பெண்மணியின் பெயரில் இருந்த எண்ணைக் கொடுத்தார்கள். குறிப்பில் 'கைமாற்று' என்று எழுதச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, "ஏர் ரைபிளுக்கு லைசென்ஸே தேவையில்லை, பில் எதுக்கு சார்?" என்றார் டீலர்.

இது பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கிற ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லைதான். மேட்ச் ரைபிள் ஏழெட்டு ஜூலோடு நின்றுவிடும். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்கும் பில் வேண்டாம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போட்டிக்காக இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலிலோ விமானத்திலோ போகும்போது, இது என்ன, எங்கே வாங்கினது என்று கேட்டால் காட்ட பில்தான் வேண்டும். அது மட்டுமில்லை, நாளைக்குச் சண்டை வந்தால் கையில் இருக்கப் போவதும் அதுதான். டீலருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

பெட்டி வந்த சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீல நிற அலுமினிய ஸ்டாக் (தோளில் வைக்கும் உடல்பகுதி), மரத்தில் பிடி, எண்ணெய் வாசனை. அம்மா தள்ளி நின்று "இதுல நெஜமாவே குண்டு இருக்கா?" என்று கேட்டார். அப்பா பூஜை அறையில் வைத்துப் பொட்டு வைக்கலாம் என்றார், வைத்தோம். ராத்திரி வெகுநேரம் குண்டு போடாமல் சுவரைப் பார்த்துக் குறிபிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் பொய் எதுவும் இல்லை, அது என்னுடையது.

மறுநாள் காலையில் பார்த்தால் சுடுவதற்கான காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரின் மானோமீட்டர் (அழுத்தம் காட்டும் மீட்டர்) முள் 200 பாரிலிருந்து 140-க்கு இறங்கியிருந்தது. கோச்சிடம் சொன்னேன். "பழைய ஓ-ரிங், செட் ஆயிடும்" என்றார், காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தைச் சொல்கிறார். செட் ஆகவில்லை. நன்றாக இருக்கிற துப்பாக்கியில் ஒரு தடவை காற்றடைத்தால் சில நூறு குண்டு சுடலாம். எனக்கு ஒரு பயிற்சி முடிவதற்குள் மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. போதாததற்குக் குண்டுகள் ஒன்று மேலே, ஒன்று கீழே போய்க்கொண்டிருந்தன. நான் மூச்சு விடுவது சரியில்லை என்று கோச் அதற்கும் பாடம் எடுத்தார். உண்மைக் காரணம் உள்ளே இருந்த ரெகுலேட்டர். அது தேய்ந்துபோனால் ஒவ்வொரு குண்டுக்கும் விடுகிற காற்றின் அளவு மாறும், வேகம் மாறும், குண்டு மேலும் கீழுமாகப் போகும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்து ஐந்து குண்டு சுட்டால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். மேட்ச் ரைபிளில் வேகம் நொடிக்கு 170 மீட்டர் சுமாரில், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்க வேண்டும். அந்தக் கருவி கோச்சிடமே இருந்தது. அலமாரியில்.

விஷயம் வெளிவந்தது ஒரு போட்டியின் கருவிச் சோதனை மேசையில். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். '200 பார்' என்று அச்சடித்த ஒரு பளபளப்பான ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் உலோகத்தில் அடித்திருந்த தேதி தெரிந்தது. 2009.

"தம்பி, இதைக் கீழ வைங்க. முதல்ல காத்தை வெளிய விடுங்க. மெதுவா."

இந்த இடத்தைத் தயவுசெய்து வேகமாகக் கடந்து போகாதீர்கள். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இந்தச் சிலிண்டரில் இருப்பது இருநூறு பார், அதுவும் சுடும்போது நம் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். அலுமினியம் ஒவ்வொரு முறை அடைத்து இறக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் காலக்கெடு வைக்கிறார்கள், பெரும்பாலும் பத்து ஆண்டு. தேதியைச் சிலிண்டர் மேலேயே அடித்துத் தருகிறார்கள். காலாவதியான சிலிண்டரை மாற்றிக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியிலேயே இருக்கிறது. அந்தத் தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் ஒட்டுகிறான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் இதே ஆள்தான் விற்கிறான்.

அன்றைக்கு வேறொருவர் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டேன். ஸ்கோரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மீதியையும் பார்த்தேன். இந்தத் துப்பாக்கிகளோடு தொழிற்சாலையில் சுட்ட டெஸ்ட் கார்டு ஒன்று வரும், ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாக விழுந்திருக்கும். அதைக் காட்டித்தான் "குரூப்பைப் பாருங்க சார்" என்று டீலர் விலையை நிறுத்தினார். கார்டில் இருந்த சீரியல் எண்ணும் துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணும் வேறு வேறு. அதாவது வேறு எந்தத் துப்பாக்கியோ சுட்ட ஓட்டைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன். பின்பக்க டயாப்டரும் (குறிபார்க்கும் துளைக்கருவி) அந்தக் கம்பெனியுடையதாக இல்லை. விலை மலிவான ஒன்றைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு கிளிக் திருப்பினால் சில சமயம் நகரும், சில சமயம் நகராது.

டீலரைக் கூப்பிட்டால், "யூஸ்டு ஐட்டம் சார், வாரண்டி கிடையாது." கோச்சைக் கேட்டால், "நான் விற்கலையே, அறிமுகம்தானே பண்ணினேன்." 'கைமாற்று' என்று எழுத வைத்தது எதற்கு என்று வக்கீல் சொன்ன பிறகு புரிந்தது. வியாபாரமே நடக்கவில்லை, யாரோ யாருக்கோ கடன் கொடுத்தார்கள் என்று கையை விரிக்கத்தான். ஆனால் விலை பேசியது, படம் அனுப்பியது, 'சிலிண்டர் நல்ல கண்டிஷன்' என்று எழுதியது எல்லாம் வாட்ஸ்அப்பில் அப்படியே இருக்கிறது. அதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும், உரித்த ஸ்டிக்கரின் படத்தையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டாயிற்று. ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இதே போல மாட்டியவர்கள் காலத்தை விட்டுவிடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. ஒன்று கவனியுங்கள், தனி ஆள் தன் பழைய துப்பாக்கியை விற்றால் இந்த வழி கடினம். கடை வைத்திருப்பவரிடம்தான் பிடி கிடைக்கும்.

துப்பாக்கி என்ன ஆனது என்று கேட்பீர்கள். புது சிலிண்டர் முப்பத்தைந்தாயிரம், சீல்களும் ரெகுலேட்டர் வேலையும் தனி. குழாய் நல்லபடி இருந்ததால் தப்பித்தேன். இப்போது ஒழுங்காகச் சுடுகிறது, அதில்தான் பழகுகிறேன், வேறு கோச்சிடம்.

வாங்குகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். பணம் போகுமுன் சிலிண்டர் தேதியையும் துப்பாக்கியின் சீரியல் எண்ணையும் டெஸ்ட் கார்டையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் காற்றடைத்து ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் முள்ளைப் பாருங்கள். உங்களுக்காகப் பார்த்துச் சொல்கிறவர் விற்பனையில் பங்கு வாங்காதவராக இருக்கட்டும்.

இன்னொன்று. என்னிடம் இருக்கும் அதே நீல ஸ்டாக் துப்பாக்கியின் படத்தைப் போட்டு, 'அதிகம் பயன்படுத்தாதது, நேஷனல் பிளேயருடையது' என்று போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் மறுபடி விளம்பரம் வந்திருக்கிறது. இந்தத் தடவை விலை ஒரு லட்சத்து எண்பது. படத்தில் ஸ்டாக்கின் இடது பக்கம் ஒரு நீளமான கீறல் தெரியும். அதைப் பார்த்தால் அட்வான்ஸ் போட்டுவிடாதீர்கள், அந்தத் துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது.