பழைய ரூட்டரின் ஆக்சஸ் லிஸ்ட்: வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பவர் சப்ளையை மாற்றி ரூட்டரைக் கொண்டுவந்து வைத்த கையோடு, ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர் கேட்டார்: "இதே மாடல் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா? ஆக்சஸ் லிஸ்ட் நம்பகமானதா?" வேகமும் போர்ட் கணக்கும் அவருக்கே அத்துப்படி. ஆகவே ஆக்சஸ் லிஸ்ட்டைப் பற்றி, அதாவது எந்தத் தகவலை விடுவது, எதைத் தடுப்பது என்று ரூட்டரில் நாம் எழுதிவைக்கும் விதிப்பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம்பகமானது. எழுதியதிலிருந்து இம்மியும் பிசகாது. தகவலின் சிறு துண்டான பாக்கெட் ஒன்று வந்ததும் ரூட்டர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதலில் பொருந்தும் வரியோடு தீர்ப்பு முடிகிறது. ஒரு கணினியைத் தடுக்கும் வரியை, மொத்த நெட்வொர்க்கையும் அனுமதிக்கும் வரிக்குக் கீழே போட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லை. வரிகளுக்கு 10, 20, 30 என எண் விழுவதால், இடையில் 15 என்று புதிதாக ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இதுவரை எத்தனை பாக்கெட்டுகள் பொருந்தின என்று காட்டும் எண்ணிக்கை. எந்த விதி உழைக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் கோபமெல்லாம் கடைசி வரியின் மேல்தான். நாம் எழுதாவிட்டாலும், மற்ற அனைத்தையும் மறுக்கும் வரி ஒன்று பட்டியலின் அடியில் உண்டு. பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான். ஆனால் பட்டியலைத் திரையில் வரவழைத்தால் அது தெரியாது. அதற்கு எண்ணிக்கை கிடையாது. அது தடுத்ததைப் பற்றி, ரூட்டர் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பான லாக்கில் ஒரு சொல்லும் இருக்காது. இது என்ன நியாயம்?

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்த வருகைப்பதிவு எந்திரத்தின் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போனது. நேரத்துக்கு வந்தவர்களின் வருகையும் தவறாகப் பதிவானது. எந்திரம் பழுது என்று அதை விற்றவரோடு வாக்குவாதம் வேறு. பட்டியலின் அடியில் 'டினை ஐபி எனி எனி லாக்' (எங்கிருந்து எங்கே போனாலும் தடு, லாக்கில் குறி) என்று நானே ஒரு வரி சேர்த்தேன். சிறிது நேரத்தில் எண்ணிக்கை ஏறியது. லாக்கில் அந்த எந்திரத்தின் முகவரியும் யூடிபி 123 என்ற போர்ட்டும் வந்து நின்றன. டிசிபி, யூடிபி என்பவை தகவல் அனுப்பும் முறைகள்; கூட வரும் போர்ட் எண் எந்தச் சேவைக்கு என்று சொல்லும். இணையத்துக்கு டிசிபி 80, 443, பெயர் தேடலுக்கு யூடிபி 53 எல்லாம் அனுமதியில் இருந்தன. எந்திரம் வெளியே சரியான நேரம் கேட்கும் என்டிபிக்கு, அதாவது அந்த யூடிபி 123க்கு மட்டும் வழியில்லை. ஓர் அனுமதி வரியை மேலே செருகியதும் கடிகாரம் சரியானது. இப்போதெல்லாம் எந்தப் பட்டியலையும் அந்த வரியோடுதான் முடிக்கிறேன். லாக் அதிகமானால் ரூட்டரின் செயலிக்குச் சுமைதான். சிறிய அலுவலகத்துக்குத் தாங்கும்.

இன்னொன்று. அனுமதி வரியில் 'எஸ்டாப்ளிஷ்டு' (ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பு) என்ற சொல்லைச் சேர்த்தால், இணைப்புகளைக் கண்காணிக்கும் ஃபயர்வால் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். டிசிபி பாக்கெட்டில் ஏசிகே ('கிடைத்தது') அல்லது ஆர்எஸ்டி ('இணைப்பை முறி') என்ற அடையாளக் கொடி இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. இணைப்பு உண்மையில் உள்ளிருந்து தொடங்கியதா என்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் என் பதில், வாங்காதீர்கள். உங்கள் கிளையில் இதைப் பார்க்கப்போவது வாரம் ஒருமுறை வந்துபோகும் பையன். தடுத்ததை வாய்விட்டுச் சொல்லாத கருவியை அவன் தலையில் கட்டுவது அநியாயம்.