மான் வேட்டைக்கு மலிவான க்ளைம்பர்: எஃகா, அலுமினியமா?

மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்கும். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி. ஆகஸ்ட் பிறந்தாலே அலுவலகத்தில் யாராவது ஒரு தம்பி மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, ட்ரீ ஸ்டாண்ட் ஒன்று வாங்கணும், எது நல்லது? ரொம்பச் செலவு பண்ண முடியாது" என்று ஆரம்பிப்பார். மூன்று வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் பெருகிக் கிடக்கின்றன, மாநில அரசே உரிமம் விற்கிறது. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். அதை முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தினைப்புனம் காக்கப் பரண் கட்டி உட்கார்ந்த ஆட்கள் நாம். ட்ரீ ஸ்டாண்டும் பரண்தான், மானுக்காகக் காத்திருக்க மரத்தில் மாட்டுவது. க்ளைம்பர் என்பது கூடவே ஏறி வரும் பரண். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே இருக்கை, கீழே கால் மேடை. இரண்டிலிருந்தும் ஒரு கேபிள் மரத்தைச் சுற்றி வரும். இருக்கைச் சட்டத்தில் உடல் பாரத்தை வைத்து, கால்களால் கீழ் மேடையைத் தூக்கி மரத்தில் கவ்வ வைக்க வேண்டும். அப்புறம் எழுந்து நின்று மேல் பகுதியை உயர்த்த வேண்டும். உட்கார், தூக்கு, நில், உயர்த்து. காலில் தளை மாட்டி, கையால் மரத்தை அணைத்து ஏறும் பனையேறியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே வித்தைதான், அவர் உடம்பால் செய்வதை இது இரும்பால் செய்கிறது.

சரி, கடைக்குப் போவோம். குறைந்த விலையில் நிற்பது எஃகுச் சட்டம். ஓல்மேன் மல்ட்டி-விஷன் எஃகு மாடலை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். எடை சுமார் 29 பவுண்டு, தாங்கும் பாரம் 300 பவுண்டு. அடுத்த படியில் அலுமினியம். இதில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் சம்மிட் வைப்பர் எஸ்டி. எடை 20 பவுண்டு, இதுவும் 300 பவுண்டு தாங்கும். அதே கம்பெனியின் ஓப்பன்ஷாட் எடை 15 பவுண்டு. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் விலை வித்தியாசம் நூறு டாலரைத் தாண்டும், சில சமயம் இருநூறுக்குப் பக்கத்தில் போகும். பருவத்துக்குப் பருவம் மாறுவதால் சரியான விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃகுக்கும் வைப்பருக்கும் எடை வித்தியாசம் ஒன்பது பவுண்டு, அதாவது நாலு கிலோ. "நாலு கிலோவுக்கு நூற்றைம்பது டாலரா?" என்றுதான் நானும் முதல் வருடம் எஃகை வாங்கினேன். வாட்டர்லூ வனப்பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு முக்கால் மைல் உள்ளே நடக்க வேண்டும். நேரம் விடியற்காலை ஐந்தேகால், குளிர் உறைநிலைக்குக் கீழே. முதுகில் பதிமூன்று கிலோ இரும்பு, கையில் கிராஸ்போ என்ற விசைவில், உடம்பில் மூன்றடுக்குக் கம்பளி. மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இருபதடி உயரத்தில் அசையாமல் உட்கார்ந்ததும் அந்த வியர்வை ஐஸ் ஒத்தடம் போல முதுகில் ஒட்டிக்கொண்டது. எட்டு மணிக்குள் பல் தந்தியடிக்க ஆரம்பித்து, ஒன்பது மணிக்கு இறங்கிவிட்டேன். மானுக்கு மூக்குதான் கண். வியர்வை நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், குளிர் தாங்காமல் இறங்கிப் போகிறவனுக்கு மான் எங்கிருந்து கிடைக்கும்? எடையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதுகு வலியைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன். அந்த நாலு கிலோ, மரத்தில் எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்பதைத் தீர்மானித்துவிடும்.

ஆனால் எல்லோரும் முக்கால் மைல் நடப்பதில்லை. நண்பர் ஒருவருக்குத் தெரிந்த விவசாயி தன் காட்டில் இடம் கொடுத்திருக்கிறார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து இருநூறு கஜத்தில் மரம். அவருக்கு எஃகே போதும். ஏழு வருடமாக அதையே வைத்திருக்கிறார், வலை இருக்கையில் நன்றாகத் தூங்கவும் செய்கிறார். (தூங்குவது எல்லா ஸ்டாண்டிலும் ஆபத்துதான். அவரிடம் சொல்லியாகிவிட்டது.)

அடுத்தது சத்தம். எஃகுச் சட்டம் பாரமாக இருப்பதால் அதிர்வு குறைவு, ஆனால் மலிவு மாடல்களில் போல்ட்டும் மூட்டும் லொடலொடக்கும். அலுமினியக் குழாய் காலியாக இருந்தால் மணியடித்த மாதிரி ஒலிக்கும். வைப்பரில் குழாய்களுக்குள் நுரை அடைத்துச் சத்தத்தை அடக்கியிருக்கிறார்கள். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அதற்குத்தான். எஃகு வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்களில் துணி டேப் சுற்றி, நட்டுகளை இறுக்கி, வீட்டுப் பின்புற மரத்தில் பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள். பாதிச் சத்தம் ஸ்டாண்டினுடையதல்ல, நம்முடையது. பக்கிள்கள் இடிப்பதும், முதல் நாள் இருட்டில் கேபிளைப் பூட்டும் ஊசியைத் தேடித் தடவுவதும்தான் மானை விரட்டுகின்றன.

தாங்கும் பாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 300 பவுண்டு என்பது உங்கள் எடை மட்டுமல்ல. குளிர்கால உடுப்பு, பூட்ஸ், பை, ஆயுதம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆள் 240 பவுண்டைத் தாண்டினால் மலிவு மாடல்களை விட்டுவிட்டு, 350 பவுண்டு தாங்கும் சம்மிட் கோலியத் போன்றவற்றைப் பாருங்கள். எடை 21 பவுண்டுதான், உட்காரும் இடமும் அகலம்.

முன்பக்கம் மூடியதா, திறந்ததா

வைப்பரில் இருக்கையைச் சுற்றி முன்பக்கமும் ஒரு சட்டம் வரும். ஏறும்போது அதில் உட்கார்ந்து உந்தலாம், துப்பாக்கியைச் சாய்த்துக் குறி பார்க்கலாம், புதியவருக்கு மனதில் ஒரு தைரியமும் வரும். ஓப்பன்ஷாட்டில் முன்னால் ஒன்றும் இல்லை. ஏறுவதற்குக் கைப்பலம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், முதல் இரண்டு முறை வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். ஆனால் வில் பிடிப்பவருக்கு அதுதான் வசதி. நாண் இழுத்துத் திரும்பும்போது வில்லின் கீழ்முனை எதிலும் இடிக்காது. கிராஸ்போவும் துப்பாக்கியும் மட்டும் என்றால் மூடியதை வாங்குங்கள். வில்தான் உயிர் என்றால் திறந்தது. அக்டோபரில் வில்லும் நவம்பரில் துப்பாக்கியும் பிடிக்கும் என்னைப் போன்றவர்கள் மூடியதை வாங்கிக்கொண்டு, வில் எய்யும்போது எழுந்து நிற்கப் பழகிக்கொள்கிறோம்.

மரம் இல்லாமல் க்ளைம்பர் எதற்கு

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லோரும் கடைசியில்தான் செய்கிறார்கள். நீங்கள் வேட்டையாடும் இடத்தில் என்ன மரம் நிற்கிறது? க்ளைம்பருக்கு நேரான, இருபதடி வரை கிளையில்லாத, எட்டு முதல் இருபது அங்குல விட்டமுள்ள மரம் வேண்டும். வடக்கே வரிசையாக நட்ட செம்பைன் தோப்புகள் க்ளைம்பருக்கென்றே வளர்ந்தவை போல இருக்கும். தெற்கே கதை வேறு. கருவாலி (ஓக்) மரங்கள் பத்தடியிலேயே கை விரித்துவிடும். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை செதில் செதிலாக உரிந்து வரும், கேபிளோ சட்டத்தின் பல்லோ அதைப் பிடித்தால் பட்டையோடு நீங்களும் வருவீர்கள். பீச் மரத்தின் பட்டை வழவழப்பு, மழை பெய்தால் கிட்டேயே போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஆஷ் மரம். எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு அமெரிக்காவில் முதன்முதலில் 2002இல் இந்தத் தென்கிழக்கு மிச்சிகனில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம் இங்கே ஆஷ் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த ஆஷ் நேராக, கிளைகள் உதிர்ந்து, க்ளைம்பருக்குக் கச்சிதமாக நிற்கும், ஆனால் ஏறினால் ஒடியலாம். இலை கொட்டிய நவம்பரில் உயிருள்ள மரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் மரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இலை இருக்கும்போதே செப்டம்பரில் முடித்துவிடுங்கள்.

மேலே போகப் போக மரம் மெலியும், கேபிள் வளையம் தளர்ந்து மேடையின் முன்பக்கம் தாழும். அதனால் தரையில் மாட்டும்போதே முன்பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். இதைப் பெட்டியோடு வரும் காகிதத்திலும் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறோம்?

உங்கள் காட்டில் அப்படிப்பட்ட மரமே இல்லையென்றால் எஃகா அலுமினியமா என்ற கேள்விக்கே இடமில்லை. சொந்த இடம் என்றால் ஏணிப் பரண் வாங்குங்கள். விலை எஃகு க்ளைம்பரை ஒட்டியே இருக்கும், நிறுத்த இரண்டு மூன்று பேர் வேண்டும், நிறுத்தியபின் வருடக்கணக்கில் கவலையில்லை. ஸ்ட்ராப்பை மட்டும் வருடாவருடம் மாற்றுங்கள். பொது நிலத்தில் கோணல் மரங்கள்தான் என்றால், மரத்தில் கட்டும் சிறு மேடையும் ஏறுவதற்கு ஸ்டிக் எனும் படிக்கம்பங்களும் வாங்குங்கள். அதில் ஒரு விஷயம்: இங்கே பொது நிலத்தில் திருகாணிப் படிகளை மரத்தில் ஏற்றக் கூடாது. ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் ஸ்டிக்தான் அனுமதி. செப்டம்பர் 1க்கு முன் ஸ்டாண்டைக் கட்டி வைக்க முடியாது, மார்ச் 1க்குள் எடுத்துவிட வேண்டும், தரையிலிருந்து படிக்கும்படி உங்கள் பெயரும் முகவரியும், அல்லது ஓட்டுநர் உரிம எண்ணோ வேட்டை அட்டை எண்ணோ இருக்க வேண்டும். கட்டி வைத்தது மறுநாள் அங்கேயே இருக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. க்ளைம்பர் சாயங்காலம் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். பொது நிலத்துக்காரர்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சேடில், அதாவது இடுப்பில் மாட்டி மரத்தில் தொங்கியபடி உட்காரும் கச்சை, இப்போது இளைஞர்களிடம் பிரபலம், எடையே இல்லை. ஆனால் சேடில், மேடை, ஸ்டிக், கயிறு என்று சேர்த்தால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்கிறேன். மேல் பகுதியையும் கீழ் பகுதியையும் இணைக்க ஒரு கயிறு வரும். அவசரத்தில் அதை மாட்டாமல் ஏறினேன். பதினைந்தடியில் இருக்கையில் பாரம் போட்டுக் காலைத் தூக்கியபோது பூட்ஸ் ஸ்ட்ராப்பிலிருந்து நழுவியது. கீழ் மேடை சரசரவென்று சறுக்கி அடிமரத்தில் போய் நின்றது. நான் மேலே, காலுக்குக் கீழே வெறும் காற்று. உடம்பை மரத்தோடு கட்டும் ஹார்னஸ் போட்டிருந்தேன், சட்டைப் பையில் போன் இருந்தது, நண்பர் ஏணியோடு வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. எஃகோ அலுமினியமோ, அந்தக் கயிறு இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான்.

ஸ்டாண்டோடு பெட்டியில் ஒரு ஹார்னஸ் வரும். பாதுகாப்புக்குக் குறையில்லை, ஆனால் இருட்டில் பார்த்தால் சிக்கிய மீன்வலை. கை எது கால் எது என்று தெரியாது, அதனால்தான் பலர் போடாமலே ஏறுகிறார்கள். வெஸ்ட் போல மாட்டும் ஹார்னஸ் தனியாக வாங்குங்கள். தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே மரத்தில் ஸ்ட்ராப்பை மாட்டி, ஏற ஏற அதையும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும், இறங்கும்வரை கழற்றக் கூடாது. விழுந்து தொங்கினால் தொடை ஸ்ட்ராப் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால், கால் வைத்து எழும்ப ஒரு வளையமும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆயுதத்தை, லோடு செய்யாமல், கயிறு கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும்.

ஆக, கையில் முந்நூற்றைம்பது டாலர் இருந்தால் நான் என்ன செய்வேன்? பொது நிலம், நீண்ட நடை என்றால் எஃகை வாங்கமாட்டேன். ஜனவரி, பிப்ரவரியில் கடைகள் சரக்கைத் தள்ளும்போது வைப்பர் வகை ஒன்றைப் பிடிப்பேன். அல்லது பழையதைப் பார்ப்பேன். பழையதென்றால் சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல் தேட வேண்டும், கேபிளையும் ஸ்ட்ராப்களையும் புதிதாக மாற்ற வேண்டும், அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் பார்க்க வேண்டும். ஹார்னஸை மட்டும் பழையதாக வாங்கவே மாட்டேன். வண்டிக்குப் பக்கத்திலேயே மரம் இருந்தால் எஃகை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல வெஸ்ட் ஹார்னஸும் ஒரு ஜோடி மெரினோ கம்பளி உள்ளாடையும் எடுத்துக்கொள்வேன். மெரினோ வியர்வையில் நனைந்தாலும் சூடு தரும். முதல் வருடம் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.