குவாதலூப்: மூன்று பயணம், ஒரு குழாய்ப் புராணம்

லியோனில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான். "பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போய்வர 430 யூரோன்னு காட்டுது. இவ்வளவு குறைஞ்சு நான் பார்த்ததே இல்ல. நாங்க அஞ்சு பேர். நீதான் மூணு தடவை போயிட்டு வந்தவன், குவாதலூப் எப்படிடா?" வாட்ஸப்பில் பதில் தட்டத் தொடங்கினேன். கட்டைவிரல் வலித்ததே தவிர விஷயம் தீரவில்லை. சரி, முழுசாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

குவாதலூப் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. கடலைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. படத்தில் எப்படியோ நேரிலும் அப்படியேதான். சேந்த்-ஆன் கடற்கரையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் கால் விரல் நகம் தெரியும். செலவும் மற்ற கரீபியன் தீவுகளை நினைத்தால் குறைவுதான். யூரோ செல்லும், பிரான்ஸ் சிம் அப்படியே வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனி: அது பிரான்ஸ்தான், ஆனால் ஐரோப்பியப் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் வராது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் மச்சானையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால் முதலில் அதை விசாரித்துக்கொள்.

படத்தில் வராத ஒன்று இருக்கிறது. குழாய்.

முதல் பயணம் 2017 ஏப்ரல். ஆறு பேர். புதுச்சேரிக்காரர்கள் நானும் இன்னொருவனும், காரைக்கால்காரன் ஒருவன், சென்னைக்காரன் ஒருவன், மும்பையில் வளர்ந்த திருநெல்வேலிக்காரன் ஒருவன், பாரிஸ் புறநகர் லா கூர்னவிலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். சேந்த்-ஆனில் ஒரு மேட்டில், வாரத்துக்கு 600 யூரோவுக்கு வீடு. ஆளுக்கு நூறு. எட்டரை மணி நேர விமானம், அதன்பின் வாடகைக் காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் யார் முதலில் குளிப்பது என்று ஒரே தள்ளுமுள்ளு. அண்ணா ஜெயித்தார். உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். அது இருமியது. இரண்டு தரம் காற்றைக் கக்கிவிட்டு, தேநீர் நிறத்தில் ஒரு கரண்டி தண்ணீரைத் துப்பியது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே இருந்தார், அறுபது வயதிருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கையை விரித்து, "பா நி த்லோ!" என்றார்.

மும்பைக்காரன் துள்ளிக் குதித்தான். "பானியாம்டா, பானி! தண்ணி வந்துடுச்சுன்னு சொல்றாங்க!"

வந்தது எங்கே? அந்த ஊர் கிரியோல் மொழியில் 'பா நி' என்றால் இல்லை என்று பொருள். 'த்லோ' என்றால் தண்ணீர். தண்ணீர் இல்லை என்பதை ஹிந்தியில் தண்ணீர் என்று கேட்கும்படி சொல்கிற மொழி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 'பா நி ப்வொப்லெம்', அதாவது 'ஒரு பிரச்சினையும் இல்லை', என்பது அங்கே எல்லார் வாயிலும் வரும் வாசகம், பனியன்களிலும் அச்சடித்து விற்கிறார்கள். ஊருக்கு வரும்போது ஆளுக்கொன்று வாங்கினோம். என்னுடையதை இன்னும் போடவில்லை.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அன்று இரவு தன் வீட்டு டிரம்மிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர். கோபம் எனக்கு வேறு: வாடகைக்கு விடும்போது போட்ட விளம்பரத்தில் 'கடலிலிருந்து 800 மீட்டர்' என்று மீட்டர் கணக்கெல்லாம் இருந்தது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, 'தூர் தோ'. தண்ணீர் முறை. இன்ன பகுதிக்கு இன்ன நாள் மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை தண்ணீர் நிற்கும் என்று பட்டியல் போடுவார்கள். பட்டியல்படி நின்றால் பரவாயில்லை. நம்மாளுக்கு அது உடனே 'தூர் வாரு' ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் "இன்னைக்குத் தூர் வார்றாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

தண்ணீருக்குப் பஞ்சமான தீவா என்றால் அதுவும் இல்லை. அங்கேதான் எரிச்சல் தலைக்கேறுகிறது. பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு நிலம். மேற்கு இறக்கை முழுக்க எரிமலைப் பூமி, 1,467 மீட்டருக்கு லா சூஃப்ரியேர் நிற்கிறது, மேகம் விலகுவதே அபூர்வம். கார்பே அருவிகளில் இரண்டாவது மட்டும் 110 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கிழக்கு இறக்கைக்குக் கொண்டுவருகிறார்கள், அங்கிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டு லா தெசிராத் தீவுக்கும் அனுப்புகிறார்கள். பழைய குழாய்கள். அனுப்பும் தண்ணீரில் பாதிக்கு மேல் வழியிலேயே மண்ணுக்குள் போகிறது. பிரான்சின் ஒரு மாவட்டம் இது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலம். தண்ணீர் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடும் நாட்களும் அங்கே உண்டு. ஏறத்தாழ 3.8 லட்சம் பேர் வருஷம் முழுக்க இதோடு வாழ்கிறார்கள். பத்து நாள் போய்வரும் நான் இப்படிப் புலம்புவதில் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. ஆனாலும் புலம்புவேன்.

அந்த ஊர்ப் பெயர்களை நம்பக் கூடாது என்பதை இரண்டாம் பயணத்தில்தான் கற்றுக்கொண்டோம். கிழக்கு இறக்கைக்குப் பெயர் 'கிராந்த்-தெர்', பெரிய நிலம். இரண்டில் சின்னது அதுதான். மேற்கு இறக்கை 'பாஸ்-தெர்', தாழ்ந்த நிலம், மலையெல்லாம் அங்கேதான். தீவின் பழைய பெயரான 'கருக்கேரா'வுக்கு அழகிய நீர்களின் தீவு என்று பொருள் சொல்கிறார்கள். இதையெல்லாம் யோசிக்காமல் 2019 ஜூனில் வீடு தேடியபோது, மலையடிவாரத்தில் ஓர் ஊர் பெயரைப் பார்த்ததும் காரைக்கால்காரன் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிவிட்டான். கப்பெஸ்தெர்-பெல்-ஓ. 'பெல்-ஓ' என்றால் அழகிய நீர். 1493ல் கொலம்பஸ் இறங்கியதும் இந்தப் பக்கம்தான் என்று நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அவருக்காவது கிடைத்திருக்கும்.

வாடகை ஏன் அவ்வளவு குறைவு என்று போய் இறங்கியதும் மூக்குச் சொன்னது. அந்தக் கரை அட்லாண்டிக் பக்கம் பார்த்தது. 2011லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கூட்டம் கூட்டமாக வந்து கரையேறுகிறது. அழுகினால் முட்டை அழுகின நாற்றம். காற்று நம் பக்கம் திரும்பும்போது ஜன்னலை மூட வேண்டும், மூடினால் வெக்கை. மூன்றாம் நாள் அடித்த மழையில் சன்னலோரம் குடமில்லாத குறையாக எல்லாப் பாத்திரத்தையும் வைத்தோம். வானத்திலிருந்து அவ்வளவு கொட்டுகிறது, குழாயில் சொட்டு இல்லை. கேட்டால், மழை பலமாகப் பெய்தால் ஆற்றில் சேறு கலந்துவிடும், சுத்திகரிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவு என்று நிற்கும், மழைக் காலத்தில் தண்ணீர் அதிகம் என்று நிற்கும்.

அது சென்னை ஏரிகள் வறண்டு கிடந்த ஜூன். சென்னைக்காரனின் அம்மா, தெருமுனையில் லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையிலிருந்தே வீடியோவில் அழைத்தார். இவன் பின்னால் கடல் தெரியும்படி நின்றுகொண்டான்.

"எங்கேடா இருக்கே?"

"கரீபியன்லம்மா. தீவு."

"கையில என்ன வாளி?"

பதில் சொல்லாமல் சிரித்தான். அந்தக் குடும்பத்தில் அன்று இரண்டு கண்டத்தில் இரண்டு பேர் ஒரே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வீட்டை நடத்தியவன் அவன்தான். தண்ணீர் வந்த நள்ளிரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வாளி, குக்கர், சாலட் பாத்திரம், ஐஸ்பெட்டி எல்லாம் நிரப்பி, மூடி போட்டு, எது குடிக்க எது கழுவ என்று வரிசைப்படுத்தி வைத்தான். கழிப்பறைக்குக் கடல் தண்ணீர். ஆளுக்கு ஒரு மக்கில் எட்டு முறை, அதற்கு மேல் கிடையாது. சமைக்க மட்டும் புட்டித் தண்ணீர் வாங்கினோம். வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்தெக்கோன் பூச்சிமருந்து மண்ணில் இன்னும் இருக்கிறது என்று பேசிக்கொள்வதைக் கேட்ட பிறகு அண்ணாவுக்கு மனசு ஒப்பவில்லை.

அந்த ஊரில்தான் ஷான்ஜி கோயில் இருக்கிறது. வாழைத் தோட்டத்து நடுவே திடீரென்று வண்ணவண்ணச் சிலைகளோடு கோபுரம். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அதில் நிறைய. காரைக்கால்காரன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். உள்ளே இருப்பவள் மாரியம்மன், அவர்கள் வாயில் மலியேமின். மாரி என்றால் மழை. அவள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறாள் என்றான் வெளியே வந்ததும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கடைச் சாமான் விலை பாரிஸைவிட அதிகம், உணவுப் பொருள் பிரான்ஸ் பெருநிலத்தைவிட 42 சதவீதம் கூடுதல் என்று 2022 கணக்கு. அதனால் பாரிஸ் தமிழ்க் கடைத்தெருவான லா ஷபெல்லில் பருப்பும் பொடியும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள். மதியம் பொக்கித் போதும், எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் கருவாடோ கோழியோ வைத்துத் தருவார்கள், வயிறு ராத்திரி வரை தாங்கும். கடற்கரையில் மரப்பீப்பாயைக் கையால் சுற்றித் தேங்காய் ஐஸ் விற்கும் அம்மாக்களைத் தவறவிடாதே. அப்புறம் கொலொம்போ. மஞ்சளும் மல்லியும் வெந்தயமும் மணக்கும் கறி, சோற்றோடு. நம்ம குழம்புதான் அந்தப் பெயரானது என்பவர்களும் உண்டு, இலங்கை நகரத்தின் பெயர்தான் என்பவர்களும் உண்டு. அண்ணா இரண்டாவது கட்சி. ஒரு முழு இரவு அந்தச் சண்டையில் போனது.

மூன்றாம் பயணம் 2023 மே. இந்தத் தடவை விவரமாகப் போனோம். மேற்குக் கரையில் புயாந்த் பக்கம் வீடு. பாசி அதிகம் வராத கரை. வீட்டுக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி கடலைப் பற்றியல்ல: "சித்தேர்ன் உண்டா? எத்தனை லிட்டர்? பம்பு தானாக ஓடுமா?" சித்தேர்ன் என்றால் நம்ம ஊர் டேங்க்தான். ஆயிரம் லிட்டர், தானியங்கிப் பம்பு, வாரத்துக்கு 150 யூரோ கூடுதல். ஆளுக்கு 25. சந்தோஷமாகக் கொடுத்தோம்.

பம்பு எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. நள்ளிரவில் ஒருவன் கை கழுவினால் தலைமாட்டில் மாவு மில் ஓடும். புதுச்சேரித் தோழன் பாரிஸில் பழகிய பழக்கம், இருபது நிமிஷம் ஷவரில் நிற்பான். இரண்டாம் நாள் மாலை, தெரு நீரும் நின்ற நேரத்தில், அண்ணா தலையில் ஷாம்பு நுரையோடு நிற்க டேங்க் காலி. துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார், எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எல்லோரும் பயப்படுவோம். காரில் ஏற்றினோம். புயாந்த் என்றால் 'கொதிக்கிறது'. அங்கே புவிவெப்ப மின் நிலையம் இருக்கிறது, அதிலிருந்து வரும் வெந்நீர் கால்வாய் வழியாகக் கடலில் கலக்கிறது. ஊர்க்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்து ஊறுவார்கள். இருட்டிய பிறகு பாறையைப் பிடித்துக்கொண்டு அண்ணா இறங்கினார். வெந்நீர் ஒரு பக்கம் தோளில் மோத, குளிர்ந்த அலை மறு பக்கம் மோத, ஐந்து நிமிஷம் கழித்து, "டேய், நீங்களும் வாங்கோடா" என்று குரல் வந்தது. ஆறு பேரும் பத்து மணி வரை அதிலேயே கிடந்தோம். மூன்று பயணத்தில் பெயருக்கு உண்மையாக இருந்த ஒரே ஊர் அதுதான். எங்கள் ஆறு பேரில் யாரைக் கேட்டாலும் அந்த இரவைத்தான் சொல்வார்கள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். போகிறதானால் மேற்குக் கரையில் எடு. டேங்க் இரண்டாயிரம் லிட்டராவது இருக்கட்டும், ஐந்து பேருக்கு ஆயிரம் போதாது. பம்பு எந்த அறைக்குப் பக்கத்தில் என்று படம் அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பாதே, கார் எடு. எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ பிடி, நாங்கள் முன்பே இருந்த ஒரு கீறலுக்கு 280 யூரோ கட்டிவிட்டு வந்தோம். மேற்கு இறக்கையின் நடுவே போகும் மலைச் சாலையில் எக்ரெவீஸ் அருவியில் குளிக்கலாம், சோப்பு கொண்டுபோகாதே, அது தேசியப் பூங்கா.

ஆனால் என்னைக் கேட்டால், வேண்டாம். அதே காசுக்குக் கிரேக்கத் தீவு ஒன்றைப் பார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கட்டிடத்தில் பராமரிப்பு வேலை என்று ஒரு மணி நேரமாகத் தண்ணீர் நிற்கிறது, அதனாலும் இருக்கலாம்.

இல்லை, போகத்தான் போகிறேன் என்றால், மூன்றாம் பயணத்துக்கு வாங்கிய மடக்கு வாளி இரண்டு என் நிலவறையில் இருக்கிறது. பத்து லிட்டர் கொள்ளும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. பெரியதன் கைப்பிடி ஒரு பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கும், முழுக்க நிரப்பாதே.