காரைக்குடிப் பக்கம் விற்கப்படும் ‘மூன்று மெஷின் செட்’: வாங்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செட்டிநாட்டில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு டிரில், இரும்பும் டைல்ஸும் அறுக்கும் ஒரு கிரைண்டர் என்று சொந்தமாக வாங்கி வைக்கும் எண்ணம் என்றைக்காவது வந்தே தீரும். இரண்டாம் கட்டுக் கதவின் கீல் தொங்கிவிடும், முற்றத்தைச் சுற்றிய வளவு ஜன்னலில் பெயின்ட் உரிந்துவிடும், ஆத்தங்குடி டைல்ஸில் ஒன்று பெயர்ந்து வரும். இத்தகைய சில்லறை வேலைக்காக ஆசாரியோ கொத்தனாரோ வந்து நிற்பது அரிதாகிவிட்டது. இதை நன்கு அறிந்த சிலர், வெளியூர் உறவினர்கள் வந்து வீடு திறக்கும் கல்யாண மாதங்களைக் கணக்கிட்டு, ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, ‘தொழிற்சாலை நேரடி விற்பனை’ என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு விற்பனையில் நான் வாங்கிய செட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும், பிரித்தும் அளந்தும் பார்த்ததில் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன். ஊருக்கு ஊர் பேனர் மாறும் என்பதால் விற்றவரின் பெயரைச் சொல்வதில் பயனில்லை.

செட்டில் இருந்தவை மூன்று. 1,050 வாட் என்று அச்சிட்ட, சுவரை இடித்தபடியே துளையிடும் ஹேமர் டிரில், 1,200 வாட் என்று அச்சிட்ட 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், ‘88 வோல்ட்’ என்று பெரிய எழுத்தில் போட்ட பேட்டரி ஸ்க்ரூடிரைவர். பெட்டியில் அச்சிட்ட விலை 17,999 ரூபாய். தரும் விலை 6,800. “அண்ணே, இது ஒண்ணு வீட்ல இருந்தா ஆசாரியே தேவையில்லண்ணே” என்றபடி விற்பனையாளர் ஒரு மரத்துண்டில் டிரில்லை ஓட்டிக் காட்டினார். பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்திவிட்டு பில் கேட்டேன். கையில் கிடைத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. பில் புத்தகம் தீர்ந்துவிட்டதென்றும், மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகவும் சொன்னார்கள். அந்த மறுநாள் இன்றுவரை வரவில்லை.

முதலில் போனது டிரில். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவரில் அலமாரிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே காற்றுத் துளைகளின் வழியே புகை வந்து மெஷின் நின்றுவிட்டது. கான்கிரீட்டும் இல்லை, கருங்கல்லும் இல்லை. எந்த ஹேமர் டிரில்லுக்கும் மிக எளிதான சுவர் அது. மோட்டாரின் கம்பிச் சுற்றுகளைச் சரிசெய்யும் வைண்டிங் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே எடுத்து, கருகாமல் மிஞ்சியிருந்த ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம்; சுரண்டிய இடத்தில் வெள்ளி போல மின்னியது. “காப்பர் இல்லங்க, அலுமினியம். மேல இருக்கறது வார்னிஷ் கலர்தான்” என்றார். அதே பெட்டியின் மேல் ‘100 சதவீதம் காப்பர் வைண்டிங்’ என்று அச்சிட்டிருந்தது.

அலுமினிய வைண்டிங் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஆகவே அதே வேலையைச் செய்யக் கம்பி தடிமனாக இருக்க வேண்டும், மோட்டாரும் பெரிதாக வேண்டும். கையடக்கமான டிரில்லுக்குள் அதற்கு இடம் ஏது? மெல்லிய அலுமினியக் கம்பியைச் சுற்றினால் அது விரைவில் சூடேறி, மேலே பூசிய வார்னிஷ் கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். மண்டபத்தில் மரத்துண்டில் சில நொடிகள் ஓட்டிக் காட்டும்போது இதில் எதுவும் வெளியே தெரியாது.

பெட்டியில் உள்ள வாட் கணக்கு உண்மையா என்பதை மெஷினைப் பிரிக்காமலே அறியலாம். வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால், முழு வேலையின்போது அது இழுக்க வேண்டிய ஆம்பியர் கிடைக்கும். 1,200 வாட்டுக்கு ஏறத்தாழ 5.2. எலக்ட்ரீஷியன் ஒருவரை, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டருடன் வரச்சொல்லி, கிரைண்டரை ஓர் இரும்புப் பட்டையின் மேல் அழுத்திப் பிடித்துப் பார்த்ததில், மோட்டார் திணறி நிற்கப்போகும் நிலையிலும் மீட்டர் 2 ஆம்பியரைத் தாண்டவில்லை. அதாவது 460 வாட்டுக்கு மேல் அது எடுக்கவே இல்லை. சும்மா ஓடும்போது எந்த நல்ல மெஷினும் குறைவாகத்தான் இழுக்கும் என்பதால், பளு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். கேபிளின் இரு வயர்களில் ஒன்றை மட்டுமே கிளாம்புக்குள் விட வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் ஒன்றை ஒன்று ஈடுசெய்து மீட்டர் பூஜ்யம் காட்டும்.

பேட்டரியில் நடப்பது இதைவிடத் துணிச்சலான பொய். ஒரு லித்தியம் அயான் செல் 3.6 வோல்ட் தரும். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. புகழ்பெற்ற நிறுவனங்களின் மெஷின்கள் 18 வோல்ட் என்றும், சில இடங்களில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் விற்கப்படுவது இந்த ஐந்து செல் கணக்கில்தான். 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபதுக்கும் மேற்பட்ட செல்களை வரிசையாக இணைக்க வேண்டும். அவை அந்தச் சிறு பெட்டிக்குள் நுழையவே நுழையாது. மல்டிமீட்டர் வைத்தபோது முழுச் சார்ஜில் காட்டியது 20.6 வோல்ட். வைண்டிங் கடைக்காரர் பேட்டரியைத் திறந்ததில், ஒரு வரிசையில் ஐந்து செல் இருந்தது; மேல் வரிசைக்கான இடத்தில் கனம் கூட்டுவதற்காக ஓர் இரும்புத் தகடு. செல்களைச் சமமாகச் சார்ஜ் ஏற்றும் போர்டும் இல்லை. அது இல்லாத லித்தியம் பேட்டரியை இரவெல்லாம் சார்ஜரில் விட்டு வைப்பது தீ விபத்துக்கு இடம் கொடுப்பதாகும். அதுவும் மேற்கூரை முழுக்கத் தேக்கு மரமாக இருக்கும் வீட்டில். யாரும் வீட்டில் பேட்டரியைத் திறந்து பார்க்க வேண்டாம். மீட்டர் காட்டும் எண்ணே போதும்.

உயிருக்கே ஆபத்தானது கிரைண்டர்தான். செட்டில் வந்த மெஷினுக்கு டிஸ்க்கை மூடும் கார்டு இல்லை. கேட்டதற்கு, “கார்டு போட்டா வேலை ஓடாதுண்ணே, எல்லாரும் கழட்டித்தான் வச்சிருக்காங்க” என்று பதில் வந்தது. அதோடு, மரம் அறுப்பதற்கென்று பல் வைத்த 4 அங்குல ரம்பப் பிளேடு ஒன்றை இலவசமாக வேறு கொடுத்தார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடுவது. பழைய பர்மாத் தேக்கில் அந்தப் பல் ஒருமுறை சிக்கினால் மெஷின் கையை மீறித் துள்ளி அறுப்பவரின் மேலேயே பாயும். மரம் அறுக்க ஜிக்சாவோ சர்குலர் சாவோ இருக்கிறது; கிரைண்டரில் ரம்பப் பிளேடு மாட்டச் சொல்லும் எவரிடமும் எதையும் வாங்காதீர்கள். கட்டிங் டிஸ்க்கிலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அதில் அச்சிட்டுள்ள அதிகபட்சச் சுற்று எண்ணிக்கை மெஷினுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த டிஸ்க்குகளில் இரண்டுமே இல்லை.

உண்மையில் நம் பக்கத்து வீடுகளுக்கு இத்தனை பலம் தேவையே இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள, 500 அல்லது 600 வாட் என்று உண்மையாகவே எழுதிய, 13 மில்லிமீட்டர் பிட் வரை பிடிக்கும் டிரில் ஒன்று போதும். காரைச் சுவரில் முதல் அங்குலத்தை ஹேமரை அணைத்துவிட்டு ஓட்டினால் பூச்சு பொரிந்து விழாது. கதவு, ஜன்னலுக்கு உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும் மெஷினான 125 மில்லிமீட்டர் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் நல்லது. ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தூசிப் பையும் என்95 முகக்கவசமும் இல்லாமல் தேய்க்க வேண்டாம். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டதல்ல, சிமென்ட்டில் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்தது. டைமண்ட் பிளேடில் நீர் விட்டு மெதுவாக அறுத்தால்தான் மேல் வண்ணம் ஓரத்தில் உதிராது. இவற்றைத் தனித்தனியாக, சர்வீஸ் சென்டர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறதா, மோட்டாருக்குள் தேயத் தேய மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ் தனியே கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

டிரில்லைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மண்டபத்தில் வேறு விற்பனை நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று சீட்டிலேயே இருக்கிறதே என்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பின்னர், கிரைண்டரின் விலையை மட்டும் தருகிறோம் என்று அழைப்பு வந்தது. அதை ஏற்காமல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்து வருகிறேன். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக்கூடும் என்பதால் கிரைண்டரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். இதே செட்டை வாங்கியவர்கள், எரிந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், பெட்டி, எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ பதிவு ஆகியவற்றோடு பத்திரப்படுத்துங்கள். ஒரே வகையில் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று அனைவருக்குமாகச் சேர்த்து ஒரே மனுவாகவே கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.