பழக்கத்தை மாற்ற மூன்று புத்தகங்கள்: எதை வாங்கலாம், எதைப் புரட்டினால் போதும்

புத்தகக் கடையில் சுயமுன்னேற்றம் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' (2018). நல்ல பழக்கத்துக்கு அவர் சொல்லும் விதிகள் நான்கு: அது கண்ணில் படவேண்டும், ஆசையைத் தூண்டவேண்டும், சுலபமாக இருக்கவேண்டும், செய்து முடித்ததும் ஒரு திருப்தி கிடைக்கவேண்டும். கெட்ட பழக்கத்தைக் கைவிட, நான்கையும் தலைகீழாக்கினால் சரி. நாலு மணிக்குத் தின்கிற பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரியில் மூடி வைப்பது முதல் விதியின் தலைகீழ்.

தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருட முடிவில் ஏறக்குறைய 37 மடங்கு ஆகிவிடலாம் என்ற வரைபடத்தைத் தயங்காமல் தாண்டிப் போங்கள். கணக்கு சரிதான். ஆனால் வீணை வாசிப்பிலோ ஆங்கிலம் பேசுவதிலோ ஒரு சதவீதம் என்பதை எதைக் கொண்டு அளப்பது? திறமை கூட்டு வட்டிபோல ஏறுவதில்லை. முதல் சில வாரம் வேகமாக ஏறும், பிறகு மந்தமாகும். வரைபடத்தை நம்பியவர்கள்தான் அந்த மந்தத்தில் முதலில் கழன்றுகொள்கிறார்கள்.

புத்தகத்தில் உருப்படியானவை மூன்று. எழுந்ததிலிருந்து தூங்கும்வரை செய்வதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நல்லது, கெட்டது, இரண்டுமில்லை என்று குறி போடும் பட்டியல் ஒன்று. எந்தப் புதுப் பழக்கத்தையும் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற அளவுக்குச் சுருக்குவது இன்னொன்று. ஒருநாள் தவறினாலும் அடுத்த நாள் தவறவிடாமல் இருப்பது மூன்றாவது. இவற்றில் அதிகம் சொதப்புவது இரண்டு நிமிட விதிதான். முதல் நாள் உற்சாகத்தில் இரண்டு நிமிடம் நாற்பதாகிவிடும். மறுநாள் மனசு அந்த நாற்பதைத்தான் நினைவில் வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். முதல் இரண்டு வாரமாவது நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

'21 நாளில் பழக்கம் மாறும்' என்று விளம்பரம் செய்யும் எந்த வகுப்புக்கும் பணம் கட்டவேண்டாம். அந்த எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்றார் அவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் தன்னிச்சையாக நடக்க 18 நாளிலிருந்து 254 நாள்வரை எடுக்கும் என்று கணக்கானது. சராசரி 66. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் அதில் தெரிந்தது.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் பி.ஜே. ஃபாக் எழுதிய 'டைனி ஹேபிட்ஸ்' வாங்குங்கள். ஸ்டான்ஃபோர்டில் நடத்தை வடிவமைப்பு ஆய்வகம் நடத்துபவர் இவர். பழைய பழக்கத்தின் வாலில் புதியதைக் கட்டும் யோசனையை இவரிடமிருந்து எடுத்ததாகக் கிளியரே எழுதியிருக்கிறார். ஃபாக்கின் சூத்திரம் ஒரே வரி: 'இதைச் செய்ததும், அதைச் செய்வேன்.' முன்னதை அவர் ஆங்கர், அதாவது நங்கூரம், என்கிறார்.

ஆங்கரைத் தேர்வு செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'டீ குடித்த பிறகு' என்று எழுதினால் நடக்காது. டீ எப்போது முடிந்தது? கடைசி மடக்கிலா, பேப்பர் படித்து முடித்த பிறகா? 'காலி டம்ளரை சிங்க்கில் வைத்ததும்' என்று எழுதுங்கள். ஒரு செயலின் கடைசி அசைவு தெளிவாகத் தெரியவேண்டும். ஆங்கரும் புதுப் பழக்கமும் ஒரே இடத்தில் நடக்கவேண்டும். சமையலறையில் ஆங்கரை வைத்துவிட்டு மொட்டைமாடியில் யோகா என்றால் படி ஏறுவதற்குள் மறந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதும் பொருந்தவேண்டும். பழக்கத்தின் அளவையும் கூச்சமில்லாமல் குறையுங்கள். பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யவேண்டுமா, ஒரே ஒரு பல் என்கிறார் ஃபாக்.

செய்து முடித்த நொடியே உங்களுக்கு நீங்களே ஒரு சபாஷ் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். பலரும் சிரித்துவிட்டுத் தாண்டும் இடம் இது. தாண்டவேண்டாம், முயற்சி செய்யச் செலவில்லை. ஆனால் உணர்ச்சிதான் பழக்கத்தை உண்டாக்குகிறது, திரும்பத் திரும்பச் செய்வது அல்ல என்ற அவர் வாதம் கொஞ்சம் மிகை. லாலி ஆய்வில் பழக்கம் வேரூன்றியது செய்யச் செய்யத்தான்.

சார்லஸ் டுஹிக்கின் 'தி பவர் ஆஃப் ஹேபிட்' (2012) சுவாரஸ்யமான நிருபர் எழுத்து. கம்பெனிக் கதைகள் பிடித்தவர்கள் முழுதும் படிக்கலாம். மற்றவர்கள் நூலகத்தில் எடுத்துப் பின்னிணைப்பை மட்டும் படித்தால் போதும். கெட்ட பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மூன்று புத்தகத்திலும் இதுதான் சிறந்த பகுதி. தூண்டுதல் வரும்போதெல்லாம் ஐந்து விஷயம் குறிக்கவேண்டும்: எங்கே இருக்கிறீர்கள், மணி என்ன, மனநிலை எப்படி, உடன் யார், சற்றுமுன் என்ன செய்தீர்கள். பிறகு வெகுமதியை, அதாவது அந்தப் பழக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பதை, மாற்றிப் பார்க்கவேண்டும். ஒருநாள் பஜ்ஜிக்குப் பதில் ஒரு நடை, மறுநாள் பக்கத்து சீட்டுக்காரரோடு அரட்டை. பதினைந்து நிமிடம் அலாரம் வைத்து, இன்னும் பஜ்ஜி கேட்கிறதா என்று பாருங்கள். அரட்டையோடு ஆசை அடங்கினால் பசி அல்ல காரணம். டுஹிக் தன் மதிய குக்கீ பழக்கத்தை இப்படித்தான் பிடித்தார்.

காதால் கேட்பவர்களுக்கு, ஆய்வாளர்களையே பேசவைக்கும் ஷங்கர் வேதாந்தத்தின் 'ஹிட்டன் பிரெயின்' பாட்காஸ்ட். யேல் பேராசிரியர் லாரி சான்டோஸின் 'தி ஹேப்பினஸ் லேப்' இன்னும் எளிது. வீடு ஒழுங்குபடுத்துவதுதான் குறிக்கோள் என்றால், நெட்ஃப்ளிக்ஸில் 2019இல் வந்த மாரி கோண்டோவின் எட்டுப் பகுதித் தொடரில் ஒன்றிரண்டு போதும், மீதி அதே மாதிரிதான். வரிசையை மட்டும் குழப்பவேண்டாம்: முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருட்கள். ஆல்பத்தில் ஆரம்பித்தால் அன்றைக்கு வேறு எதுவும் நகராது.