வால்வில் பொருத்தும் டயர் காற்றழுத்தக் கருவி: ஒன்றரை ஆண்டு அனுபவம்

என் காரில் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை. ஆகவே, வால்வு மூடிகளைக் கழற்றிவிட்டு அவற்றின் இடத்தில் திருகும் நான்கு சென்சார்களும், வெயிலில் சார்ஜ் ஏறும் சிறு திரையும் கொண்ட ஒரு தொகுப்பை வாங்கினேன். ஒன்றரை ஆண்டாக அதைப் பார்த்தே வண்டி ஓட்டியதில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு டயர்களில் எது மற்ற மூன்றிலிருந்து விலகிப் போகிறது என்பதைக் கண்டுகொள்ள இந்தக் கருவியை நம்பலாம். ஒரு டயரில் காற்றழுத்தம் துல்லியமாக எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கிறது என்பதற்குக் கையில் பிடித்து அளக்கும் நல்ல மானியையே நம்ப வேண்டும்.

பொருத்துவது கால் மணி நேர வேலை. முதலில் வால்வில் ஒரு மெல்லிய நட்டை ஏற்றி, அதன்மேல் சென்சாரைத் திருகி, பிறகு நட்டைச் சென்சாரோடு இறுக்கிவிட வேண்டும். எது எந்தச் சக்கரத்துக்கு என்பது சென்சாரின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. கையேடு ஒரே வரியில் கடந்துபோகும் ஒரு விஷயம்தான் இதில் முக்கியமானது. சாதாரண மூடி தூசியை மட்டும் தடுக்கும். காற்றைப் பிடித்து வைப்பது வால்வின் உள்ளே இருக்கும் ஊசி. இந்தச் சென்சாரோ அந்த ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. காற்று வெளியேறாமல் காப்பது சென்சாருக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையம் மட்டுமே. அதனால் பொருத்தியதும் நான்கிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். முன்பக்க வலது சக்கரத்தில், சென்சாரும் வால்வும் சேரும் இடத்தில், கடுகளவு குமிழி ஒன்று மெல்ல வளர்ந்து உடைந்தது; சிறிது நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது. கழற்றிப் பார்த்தபோது வளையம் ஒருபுறம் சரிந்து உட்கார்ந்திருந்தது. சரிசெய்து மாட்டியதும் குமிழி நின்றது. காற்றுக் கசிவைச் சொல்ல வந்த கருவியே காற்றைக் கசியவிட்டதைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றியது.

எண்களுக்கு வருகிறேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சீட்டு என் காருக்கு 33 பிஎஸ்ஐ என்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. சீட்டில் உள்ள அளவும் குளிர்ந்த டயருக்கானது, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளக்க வேண்டியது. இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தும் முதல் வாரம் ஏமாந்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியதும் திரையில் 37 வந்தது. காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்த அளவில் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும் என்பதால் அது இயல்பான ஏற்றமே. பதறிப்போய்க் காற்றைக் குறைத்திருந்தால் மறுநாள் காலை டயர் 29-இல் நின்றிருக்கும். இன்னொரு நாள், வலப்பக்கம் மட்டும் வெயில் படும்படி நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, இடப்பக்க டயர்கள் இரண்டும் 2 பிஎஸ்ஐ குறைவாகத் தெரிந்தன. இரண்டிலும் ஒரே நேரத்தில் கசிவா என்று குனிந்து தேடிய பிறகே நிழல் விழுந்திருந்த பக்கம் புரிந்தது.

திரை வெப்பநிலையையும் காட்டுகிறது. சென்சார் டயருக்கு வெளியே, ஓடும்போது காற்றுப்படும் இடத்தில் இருப்பதால், அந்த எண்ணை டயருக்குள் இருக்கும் வெப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் அதைப் பார்ப்பதே இல்லை.

எச்சரிக்கை ஒலி எந்த அளவில் எழ வேண்டும் என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட அமைப்புக்கான விதி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. என் காருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 25 பிஎஸ்ஐக்குச் சற்றுக் கீழே வருகிறது. அதுவரை காத்திருப்பது தாமதம் என்பது என் எண்ணம், 29-இல் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் எனக்கு உண்மையில் உதவியது அந்த ஒலி அல்ல. ஒரு திங்கட்கிழமை காலையில் பின்பக்க இடது டயர் மட்டும் 32 காட்டியது. மறுநாள் 31, அதற்கடுத்த நாள் 30. மற்ற மூன்றும் 33-ஐ விட்டு அசையவில்லை. ஒலி எழும் அளவு இன்னும் வரவில்லை; கண்ணால் பார்த்தாலும் எந்த வேறுபாடும் தெரியவில்லை, ஏனெனில் ரேடியல் டயர் முழுக் காற்றோடு இருக்கும்போதே அடிப்பகுதியில் சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டித் தேடியபோது, டயரின் பள்ளத்துக்குள் தலை தேய்ந்து பளபளத்த ஒரு திருகாணி கிடைத்தது. பஞ்சர் ஒட்டியதோடு வேலை முடிந்தது.

சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டு கணக்கிடும் மறைமுக அமைப்புள்ள காரையும் நான் ஓட்டியிருக்கிறேன். காற்றுக் குறைந்த சக்கரத்தின் உருளும் ஆரம் சுருங்குவதால் அது மற்றவற்றைவிடச் சற்று விரைவாகச் சுழலும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சென்சார்கள் அதைக் கவனித்து விளக்கை எரியவிடும். அதில் எண் எதுவும் வராது. நான்கு டயர்களும் மாதக்கணக்கில் ஒன்றுபோல இறங்கினால் ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பதும் கடினம். காற்றடிக்காமலே மீட்டமைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், குறைந்த அழுத்தத்தையே சரியானது என்று அது ஏற்றுக்கொள்ளும். அந்த வகையில் என் சிறு திரையே மேல்.

குறைகளில் இரண்டு எனக்குப் பெரியவை. ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் சிறு ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி நான்கையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒருமுறை காற்றடித்தவர் முன்சக்கரத்துச் சென்சாரைப் பின்சக்கரத்தில் மாட்டிவிட்டார். இரண்டு நாள் தவறான டயரையே கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது குறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. பதினான்காம் மாதத்தில் ஒரு சென்சாரின் பொத்தான் பேட்டரி தீர்ந்தபோது, திரை அதைத் தெரிவிக்காமல் கடைசியாக வந்த 33-ஐயே காட்டிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் மற்ற மூன்றும் 36-க்கு ஏறிய பிறகும் அது மட்டும் அசையாமல் நின்றதால்தான் சந்தேகம் வந்தது. தகவல் வரவில்லையென்றால் அந்த இடத்தில் வெறும் கோடுகளைக் காட்டியிருக்கலாம்.

வாங்க நினைப்பவர்கள் வால்வுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தண்டுள்ள பழைய வால்வின் நுனியில் கூடுதல் எடை தொங்கினால், சக்கரம் வேகமாகச் சுழலும்போது தண்டு வளைந்து வளைந்து அடிப்பகுதியில் வெடிப்பு விட வாய்ப்புண்டு. நான் உலோக வால்வுகளுக்கு மாறிவிட்டேன். வால்வின் திருகுமறை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கச் சில மாதங்களுக்கு ஒருமுறை சென்சார்களைக் கழற்றித் துடைத்தும் மாட்டுகிறேன்.

தொகுப்பில் சென்சார்கள் நான்குதான். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கு எதுவும் இல்லை. பஞ்சர் ஒட்டிய அன்று அதையும் மானியால் அளந்து பார்த்தேன்: 18 பிஎஸ்ஐ.